வாயில் வளர்த்த மகள்

காதில் ஹெட்போனை மாட்டியதும் அந்த அக்காவின் வாய் திறந்துகொள்ளும். சத்தம் வராது. கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் குவிப்பார், விரிப்பார், தாடையை இறக்குவார். வேலைக்குப் புதிதாகச் சேரும் பெண்கள் ஒரு நாள் அவருக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் வேறு இடம் கேட்டு என்னிடம் வருவார்கள். "மேடம், அந்தக்காவப் பாத்தா ஒரு மாதிரி இருக்குதுங்க" என்பார்கள். "அவங்க ஒண்ணும் உங்களக் கடிச்சுப்போட மாட்டாங்க, போய் வேலையப் பாருங்க" என்று விரட்டிவிடுவேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்பதை அவர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

எங்கள் அலுவலகம் சிங்காநல்லூரில், ஒரு பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே லேத் ஓடும். மேலே நாங்கள் இங்கிலாந்துக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். அங்கிருந்து ஒலிப்பதிவுகள் வரும். கம்பெனிக் கூட்டங்கள், வேலைக்கான நேர்காணல்கள், வீட்டு வாடகை அலுவலகத்துக்கு வரும் போன் புகார்கள். பேசியதைப் பேசியபடியே தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் வரும்போதே அழிக்கப்பட்டு அந்த இடத்தில் 'பீப்' என்று ஒரு சத்தம் மட்டும் இருக்கும். மற்றவர்கள் அடித்ததைச் சரிபார்ப்பது என் வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்பதால்தான் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

அக்கா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். காரமடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பி.ஏ. ஆங்கிலம் படித்திருந்தார். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் நம்ம ஊர்த் தமிழ். அவருக்கும் எனக்கும் முதல் வாரமே சண்டை. ஒவ்வொரு பதிவையும் ஆரம்பித்ததும் எதையும் அடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"ஏனுங்கக்கா, வேடிக்க பாக்கவா வந்தீங்க?" என்று போய் நின்றேன்.

அவர் ஒரு பக்கத்துக் காதை மட்டும் திறந்து, "ஆளு இன்னும் வந்து உக்காரலீங்க அம்மணி. சித்த இருங்க, உக்காந்ததும் அடிச்சுப்போடறேன்" என்றார்.

இவருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டதோ என்று நினைத்தேன். அவர் சொன்னதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. ஆங்கிலம் ஒன்றுதான், ஆனால் அதன் உயிரெழுத்துகள் ஊருக்கு ஊர் இடம் மாறி நிற்கும். நாம் 'பஸ்' என்பதை வடக்கு இங்கிலாந்துக்காரர் கிட்டத்தட்ட 'புஸ்' என்பார். குளியலுக்கு லண்டன்காரர் 'பாத்' என்று வாயைப் பிளப்பதை இந்த வடக்கத்திக்காரர் 'பத்' என்று நறுக்கிவிடுவார். நாங்கள் எல்லாம் வார்த்தையைப் பிடிக்கப் பார்த்தோம். அக்கா முதலில் வார்த்தையை விட்டுவிடுவார். அந்த ஆளின் 'அ' எங்கே நிற்கிறது, 'ஓ' எங்கே நிற்கிறது என்பதைத் தன் வாயிலேயே வைத்துப் பார்ப்பார். இரண்டு மூன்று உயிரெழுத்து பிடிபட்டுவிட்டால் அந்த ஆள் வாயில் வந்து உட்கார்ந்த மாதிரிதான், மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடுமாம். "நாம நம்ம வாயில போட்டுக் கேக்கறோமுங்க. அவிய வாயில போட்டுக் கேட்டாத்தான் அவிய சொல்றது கேக்கும்" என்பார்.

அதன் பிறகு பதிவுகளைப் பிரித்துக் கொடுக்கும் வேலையை அவரிடம் விட்டோம். காலையில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கேட்டு, இது ஸ்காட்லாந்து, இது வேல்ஸ் என்று சொல்லி, அந்த ஊர்ப் பேச்சு பழகிய ஆளிடம் கொடுப்பார். ஒரு தடவை கம்பெனிக் கூட்டம் ஒன்றைக் கேட்டுவிட்டு, "இந்த மேனேஜர் பொழைக்கறது லண்டனுங்க, பொறந்தது ஸ்காட்லாந்து. கோவம் வரட்டும், பாருங்க" என்றார். வழவழவென்று பேசிக்கொண்டிருந்த அந்த மனிதர் பாதிக் கூட்டத்தில் யாரையோ பிடித்து ஒரு காட்டுக் காட்டினார். அவ்வளவுதான், லண்டன் போன இடம் தெரியவில்லை. "கோவம் வந்தாலும், அம்மாகூடப் பேசுனாலும் நாக்கு பொறந்த ஊட்டுக்கு ஓடியே போயிருமுங்க" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

எல்லா இடத்திலும் இது வேடிக்கையாக முடியாது. எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தோம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசம் கேட்டு இரண்டு வார்த்தை பேசினார். அக்கா அவர் பக்கம் திரும்பி, "நீங்க மீனாட்சிபுரம் பக்கமுங்களா?" என்று கேட்டுவிட்டார். அவருக்குக் கேரள எல்லையில் இருக்கும் அந்த ஊரேதான். அந்த மனிதர் சோற்றில் வைத்த கையை அப்படியே வைத்தபடி எங்களைப் பார்த்தார். "ஏனுங்க, எங்கூட்டுல ஏதாச்சுங்களா?" என்றார். ஏதோ கெட்ட சேதியைச் சொல்ல அவரைத் தேடிவந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்திச் சாப்பிட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன். "தெரிஞ்சா சொல்லீரோணுமுங்களா? வாய மூடிட்டுச் சாப்பிடக் கூடாதா?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "தேடிட்டு வந்திருக்காங்கன்னு ஒருத்தரு நெனைக்கறதே பெரிசுங்க அம்மணி" என்றார். எனக்குப் புரியவில்லை.

சில மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. வேலை முடிந்த பதிவுகள் சிலவற்றை அவர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதை நான் கணினியில் கவனித்தேன். எல்லாம் பெண் குரல்கள். எல்லாம் லீட்ஸ் என்ற ஊரைச் சுற்றி. எல்லாருமே நம்ம பக்கத்திலிருந்து போய் அங்கே குடியேறிய பெண்கள். மதியச் சாப்பாட்டின்போது டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே நேராகக் கேட்டுவிட்டேன்.

அவர் மறைக்கவில்லை. மகள் லீட்ஸுக்குப் படிக்கப் போனாள். படித்து முடித்த கையோடு போன் செய்து, கூடப் படித்தவனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னாள். அப்பா போனை வாங்கி, "இனி இந்த ஊட்டுக்குப் போன் பண்ணாத, உனக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். அக்கா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் அக்கா கூப்பிட்டபோது மகளின் நம்பர் வேலை செய்யவில்லை. அதன் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன, ஒரு சேதியும் கிடையாது. பெண்ணோடு படித்தவர்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும் இல்லை.

"அந்த ஊருப் பேச்சு இங்க காதுல விழும்னு தெரிஞ்சுதானுங்க இந்த வேலைக்கே வந்தேன். என்னைக்காச்சும் ஒரு நாள் என்ற புள்ள எதுக்காச்சும் எங்கயாச்சும் போன் பண்ணாதுங்களா?"

"இத்தனை வருஷத்துல கொரலு மாறியிருக்குமே அக்கா. பேச்சு மாறியிருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அதுக்குத்தானுங்க இந்தப் புள்ளைகளக் கேக்கறேன்" என்றார். நம்ம ஊரிலிருந்து போன பெண்ணின் ஆங்கிலத்தில் முதல் வருஷம் எந்த உயிர் மாறும், அடுத்து எது, பிள்ளை பெற்றால் எது, எது கடைசிவரை காரமடையிலேயே நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். வளர்கிற பெண்ணின் பாவாடை மடிப்பை வருஷா வருஷம் கொஞ்சம் பிரித்துவிடுவோமே, அப்படி மனசுக்குள் இருந்த மகளின் பேச்சை வருஷா வருஷம் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். "இப்ப எப்படிப் பேசுவான்னு சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

நான் சரி என்று சொல்லியிருக்கக் கூடாது. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். பிறகு ஆங்கிலத்தில் இளம்பெண் ஒருத்தி பேசினாள். வேலையிலிருந்து வர நேரமாகிவிட்டது, புஸ் கிடைக்கவில்லை, மழை, கவலைப்படாதே என்றாள். பாதி லீட்ஸ், பாதி காரமடை. 'ஆ' வரும் இடங்களில் மட்டும் நம்ம ஊர்ப் பெண்ணின் வாய் அகலமாகத் திறந்தது. கடைசியில் "அம்மா" என்றாள். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவைத்தேன். கீழே ஓடிக்கொண்டிருந்த லேத் சத்தம் வந்ததும்தான் மூச்சு வந்தது.

"ஊட்லயும் இப்படிப் பேசுவீங்களா?" என்றேன்.

பேசுவாராம். சாயங்காலம் அடுப்படியில் தனியாக இருக்கும்போது, அவரே கேட்பதும், அவளாக இருந்து அவரே பதில் சொல்வதும். ஒரு நாள் வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மகளின் குரல். "வந்திருக்காளா? எப்ப வந்தா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் ஓடிவந்திருக்கிறார். அடுப்படியில் அக்கா மட்டும் வாணலியோடு நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"அதுக்கப்பறம் அவரு நேரா உள்ள வரதில்லீங்க. வந்து வாசப்படியில சத்தமில்லாம நிப்பாரு. நான் பேசறதக் கேட்டுட்டுத்தான் செருமிட்டு உள்ள வருவாரு. நிக்கறாருன்னு எனக்குத் தெரியுமுங்க. கொஞ்சம் சத்தமாவே பேசுவேன்."

"அவருகிட்ட இதப் பத்தி ஒண்ணும் கேக்கலீங்களா?"

"என்னன்னுங்க கேக்கறது?" என்று சொல்லி டிபன் பாக்ஸை மூடினார். எனக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. போனைப் பிடுங்கி வைத்தவரும் அவர்தான், வாசலில் நின்று ஒட்டுக்கேட்பவரும் அவர்தான். ஆத்திரம் அடங்கியதும் அவரை நினைத்தும் பாவமாகத்தான் இருந்தது.

இது நடந்து எத்தனையோ நாள் கழித்து, பதிவு அடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். "மேடம், இங்க வாங்களேன். இந்த வெள்ளைக்காரி நம்மூருத் தமிழ் பேசறா!" அக்கா காலையில் கேட்டுப் பிரித்துக் கொடுத்த பதிவுதான் அது. 'லீட்ஸ், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண்' என்று அக்கா குறித்திருந்தார். வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வாடகை அலுவலகத்துக்கு ஒரு பெண் போன் செய்கிறாள். நல்ல கோபம். கைக்குழந்தை இருக்கிற வீடு, சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, யாராவது வருவீர்களா மாட்டீர்களா என்று வாங்குவாங்கென்று வாங்குகிறாள். அப்போது பின்னால் குழந்தை அழுகிறது. அவள் போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்துச் சொல்கிறாள். "அழுவாத கண்ணு, வாரேன், வாரேன். அம்மா இங்கதான இருக்கறேன்." குழந்தை நிறுத்தவில்லை. "ரா நானா, ரா ரா" என்கிறாள். அது தெலுங்கு, 'வாப்பா, வா வா' என்று கொஞ்சுவது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். வெளியே கொங்குத் தமிழும் வீட்டுக்குள் தெலுங்குமாக வளர்ந்து, லீட்ஸில் வாழும் பெண்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அவளாக இல்லாமலும் இருக்கலாம். பதிவில் இருக்கிற ஆள் யாரென்று தேடக் கூடாது என்பது அலுவலகத்தில் கறாரான விதி. விதியாவது மண்ணாவது என்று அக்காவை என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். "அக்கா, காலைல நீங்க பிரிச்சுக் குடுத்ததுதான். முழுசாக் கேளுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணை மூடினார். வழக்கம்போல வாய் திறந்தது, உதடு குவிந்தது. "இது அந்த ஊருப் புள்ளைங்களே" என்றார். பதிவு ஓடியது. திடீரென்று உதடு நின்றுவிட்டது. அதன் பிறகு அவர் முகத்தில் எதுவுமே அசையவில்லை. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, மேஜை மேல் இருந்த என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"என்ற புள்ளதானுங்க" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. பதிவு முடிந்ததும், "ஹீட்டர் சரி பண்ணிக் குடுத்தாங்களாங்க?" என்று கேட்டார். அது எனக்கு எப்படித் தெரியும்? ஆள் அனுப்புகிறோம் என்று அந்த அலுவலகக்காரர் சொல்வதோடு பதிவு முடிந்துவிடுகிறது. பெயர் வரும் இடத்தில் 'பீப்'. வீட்டு எண், தெரு, போன் எதுவும் கிடையாது. "ஊடு குளுருமுங்களே. கைக்கொழந்தைய வெச்சுட்டு என்ன பண்ணுவா?" என்றார்.

இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றார். இந்தத் தடவை தமிழுக்காகக் காத்திருக்கவில்லை. ஆங்கிலத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். வாயில் வைத்துப் பார்த்தார், நிறுத்தினார், மறுபடி வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு கோவமாப் பேசறா பாருங்க அம்மணி. அத்தன கோவத்துலயும் நாக்கு இங்க வரலீங்க. 'ஆ' கூட நம்மளுது இல்ல. நான் வருசா வருசம் அத விட்டுவெச்சிருந்தேன். அத மாத்தவே மாட்டான்னு இருந்தேன்." மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டார். "இங்கிலீசுல 'கோ'ன்னு சொல்றப்ப மட்டும் அந்த 'ஓ' நம்மூரு மாதிரி இருக்குதுங்க. கேட்டீங்களா?"

"கேட்டேன் அக்கா, நம்மூரு 'ஓ' மாதிரித்தான் இருக்குது" என்றேன் அவசரமாக.

"அந்த ஊர்க்காரங்களுக்கும் அப்படித்தானுங்க" என்றார் அவர். அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

பதிவைத் தானே அடித்துத் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். நானும் பக்கத்திலேயே நின்றேன். ஆங்கிலம் அல்லாத பேச்சு வந்தால் அதை எழுதக் கூடாது, அடைப்புக்குறிக்குள் 'அந்நிய மொழி' என்று மட்டும் போட வேண்டும். குழந்தை அழும் இடம் வந்ததும் அவர் விரல் நின்றது. பட்டனை அமுக்கி அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை கேட்டார். பிறகு அடைப்புக்குறியைப் போட்டு விதிப்படி அடித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனார். ஒரு பிழை இல்லாமல் முடித்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்தேன். அவர் ஏற வேண்டிய காந்திபுரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவர் ஏறவில்லை. அதை விட்டு, அடுத்ததையும் விட்டார். மகள் உயிரோடு இருக்கிறாள், பேரக்குழந்தை இருக்கிறது, வீடு வாசல் என்று இருக்கிறாள், சண்டை போடும் அளவுக்கு நன்றாக இருக்கிறாள் என்று நான் பாட்டுக்கு ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் சந்தோசந்தானுங்க" என்றார். "வாயில வெச்சு இத்தன வருசமா ஒருத்திய வளத்துப்போட்டனே. அவ இவ இல்லீங்களே. அப்படி ஒருத்தி எங்கயுமே இல்லீங்களே."

மூன்றாவது பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கும் அவரு வந்து வாசப்படியில நிப்பாருங்க. நான் எவ கொரல்ல பேசறதுங்க அம்மணி?"